புழுவுக்கு வைத்த கருப்பட்டி

எங்கள் வீட்டு அடுக்களையில் தொடர்ந்து பதினைந்து நாள் கடுகு வெடிக்காமல் இருந்தது, எனக்குத் தெரிந்து ஒரே ஒரு முறைதான். தம்பிக்கு அம்மை போட்டிருந்த சமயம் அது. எனக்கு அப்போது ஒன்பது வயது, அவனுக்கு ஐந்து. அந்தப் பதினைந்து நாளில் நான் பார்த்ததைப் போல ஓர் அதிசயத்தை அதற்குப் பிறகு பார்த்ததே இல்லை என்று வெகுகாலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் பார்த்தது பாதிதான் என்பது போன மாதம்தான் தெரிந்தது.

அம்மை வந்த வீட்டுக்கென்று ஒரு சட்டதிட்டம் உண்டு. வாசலில் வேப்பங்குலை செருகியிருக்க வேண்டும். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது, தாளிக்கக் கூடாது, மீன்காரி வாசலில் நின்று கூப்பிட்டாலும் காது கேட்காத மாதிரி இருந்துகொள்ள வேண்டும். வெளியாள் உள்ளே வரக் கூடாது. வெளியே போய்விட்டு வருகிற வீட்டு ஆள் கைகால் கழுவாமல் நிலைப்படி தாண்டக் கூடாது. எந்த உயிரையும் கொல்லக் கூடாது. கொசுவைக்கூட ஊதித்தான் விரட்ட வேண்டும். இது நோயே இல்லை, ஆத்தா வந்து பிள்ளையின் மேல் இறங்கியிருக்கிறாள், அவள் போகிற வரைக்கும் வீடு அவளுடையது, நாம்தான் விருந்தாளி என்பது அம்மாவின் கணக்கு. கொப்புளம் என்று வாய்தவறியும் சொல்லக் கூடாது, முத்து என்றுதான் சொல்ல வேண்டும். முத்துக்குளிக்கும் கடற்கரையில் பிறந்தும் நான் அதுவரை கண்ணால் பார்த்த முத்துகள் தம்பியின் முதுகில் இருந்தவை மட்டும்தான்.

எனக்குக் கைப்பிள்ளையாக இருந்தபோதே அம்மை வந்துபோய்விட்டதாம். அதனால் தம்பியின் பக்கத்தில் இருக்க எனக்கு அனுமதி இருந்தது. அம்மை வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக் கூடாது என்பதால் லீவும் கிடைத்தது. தம்பி படுகிற பாட்டைப் பார்த்து எனக்கு அழுகை வரும், லீவை நினைத்துச் சந்தோஷமும் வரும். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்வதில் எனக்கு அந்த வயதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை.

வீட்டில் நாங்கள் ஐந்து பேர். அப்பாவுக்குப் பஜாரில் பலசரக்குக் கடை. காலையில் போனால் இருட்டித்தான் வருவார். ஐந்தாவது ஆள் சித்தப்பா. அப்பாவின் தம்பி, அப்போது கல்யாணம் ஆகவில்லை. ஹார்பரில் சரக்கு இறக்குகிறவர்களுக்குக் காகித வேலை பார்க்கிற ஓர் ஆபீஸில் இருந்தார். அவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. குடும்பத்தோடு கோயிலுக்குப் போனால் வாசலில் நின்று எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருப்பார். உள்ளே இருக்கிறவரைவிடத் தானே உருப்படியான வேலை பார்ப்பதாகவும் சொல்லிக்கொள்வார். தம்பிக்கு அம்மை கண்ட அன்றே டாக்டரிடம் போய்க் காய்ச்சல் மருந்து வாங்கி வந்தார். அம்மா அதை வேண்டாமென்று சொல்லவில்லை. சாமி படத்துக்கு முன் வைத்து எடுத்து, வேப்பிலையால் ஒரு தடவு தடவிவிட்டுக் கொடுத்தாள். மருந்து கேட்டதா வேப்பிலை கேட்டதா என்று இரண்டு பேருக்கும் நடுவில் வழக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

பின்வாசலில் ஒரு பழைய பெயிண்ட் வாளியில் அம்மா கறிவேப்பிலை வளர்த்தாள். எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதை ஊற்றினால் செடி கருகிவிடும். குடிக்கப் பிடித்துவைத்த நல்ல தண்ணீரில் ஒரு செம்பு தினமும் அந்தச் செடிக்குப் போகும். எங்களுக்குக் குளிக்க உப்புத் தண்ணீர், செடிக்கு நல்ல தண்ணீர். அப்படி வளர்த்த செடியில் புழு கண்டால் அம்மா விடுவாளா? வாரியல் குச்சியால் தட்டி, கோழிக்குப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. ஆனால் தாளிப்பு நின்றுபோனதால் யாரும் செடிப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வேறு வேலையாகப் பின்வாசலுக்குப் போன நான், செடியின் நுனியில் பாதி இலைகள் இல்லாமல் வெறும் காம்பாக நிற்பதைப் பார்த்தேன்.

அங்கே என் சுண்டுவிரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு இருந்தது. அதன் தோளில் இரண்டு கண்கள் வரைந்த மாதிரி இருந்தன. குனிந்து பார்த்தேன், அதுவும் என்னைப் பார்த்தது. ஓர் ஈர்க்குச்சியால் மெதுவாகத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்புகள் சட்டென்று வெளியே வந்தன. கெட்டுப்போன நாரத்தங்காய் ஊறுகாய் மாதிரி ஒரு நெடி அடித்தது. பிறகு கொம்புகள் வந்த வழியே உள்ளே போய்விட்டன, அப்படி ஒன்று இருந்ததற்கான அடையாளம்கூட இல்லை. நான் போட்ட கூச்சலில் அம்மாவும், பல் துலக்கிக்கொண்டிருந்த சித்தப்பாவும் ஓடி வந்தார்கள்.

சித்தப்பா பிரஷ்ஷை வாயில் கவ்விக்கொண்டு புழுவைத் தட்டிவிடக் கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். கொழுந்தனின் கையை அவள் பிடித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"தம்பி, அதுல கைய வைக்காதீய. ஆத்தா இருக்க வீட்டுல ஒரு உசுர எடுக்கக் கூடாது. நாக்க நீட்டிக் காட்டுதா பாத்தீயல்லா?"

சித்தப்பா வாயிலிருந்த நுரையைத் துப்பினார். "மதினி, இது ஆத்தாவுமில்ல கீத்தாவுமில்ல. கருவேப்பிலையத் திங்க வந்த புழு. நாலு நாள்ல றெக்க முளைச்சுப் பறந்துரும், அவ்வளவுதான்."

எது முளைத்தாலும் முளைக்கவைக்கிறவள் அவள்தானே என்று அம்மா சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு இரண்டு பேர் சொன்னதும் பிடித்திருந்தது. புழு வண்ணத்துப்பூச்சியாகும் என்று எங்கள் அறிவியல் புத்தகத்தில் வட்டமாக ஒரு படம் போட்டிருந்தது. அது வெளியூர்ப் புழுக்களைப் பற்றியது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

அந்தக் கிளையை அப்படியே ஒடித்து, ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அதில் செருகி, தம்பி படுத்திருந்த அறையின் ஜன்னலில் கொண்டுபோய் வைத்தேன். அவன் வேப்பிலை விரித்த பாயில், சட்டை இல்லாமல், அம்மாவின் பழைய பருத்திச் சேலைக்குள் கிடந்தான். முத்துகள் அரிப்பெடுத்து, சொறியவும் விடாமல் நாங்கள் கையைப் பிடித்துக்கொள்ள, அழுது அழுது குரல் கம்மியிருந்தது. அன்று ஜன்னலைப் பார்த்தபடி அரை மணி நேரம் சொறியாமல் கிடந்தான்.

அந்தப் புழு தின்பதைப் பார்க்க வேண்டும். இலையின் விளிம்பில் தலையை மேலிருந்து கீழே கொண்டுவரும், வளைவாக ஒரு துண்டு காணாமல் போகும். மறுபடி மேலே போகும். வீடு அமைதியாக இருந்ததால் காதை வைத்துக் கேட்டால் அது கொறிக்கும் சத்தம்கூடக் கேட்டது. தம்பிக்கும் அது கேட்டது. அவன் என்னிடம், ஆத்தா நமக்காகத் தின்னுதாளா என்று கேட்டான். ஆமாம் என்றேன். கேட்ட எதற்கும் நான் தெரியாது என்று சொன்னதில்லை; அக்கா என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அது தின்பதை நிறுத்தியது. குச்சியில் மேலும் கீழும் நடந்தது. பிறகு ஓரிடத்தில் தலை மேலாக நின்று, தலையை இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று ஆட்டத் தொடங்கியது. வாயிலிருந்து ஒரு நூல் வருவது வெயில் பட்டபோது மின்னித் தெரிந்தது. தன் இடுப்பைச் சுற்றி அந்த நூலைத் தானே போட்டுக்கொண்டு, குச்சியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, பின்னால் சாய்ந்து நின்றது. மரமேறுகிறவர் இடுப்பில் வடம் போட்டுச் சாய்ந்து நிற்பாரே, அப்படி.  யாரும் சொல்லிக் கொடுக்காமல், கை இல்லாமல், ஒரு புழு இதைச் செய்தது. ஆபீஸிலிருந்து வந்த சித்தப்பாவும் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, உங்கள் ஆத்தா அரைஞாண் கட்டிக்கொண்டாளா என்று கேலி செய்தார். நான் அவரோடு பேசவில்லை.

மறுநாள் காலையில் புழு இல்லை. அது இருந்த இடத்தில் பச்சை நிறத்தில், இரண்டு காதுகள் வைத்த ஒரு கூடு இருந்தது. கீழே சுருங்கிய தோல் ஒன்று கிடந்தது. தம்பி பயந்துவிட்டான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள், வரும்போது றெக்கையோடு வருவாள், உன் முத்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பறந்துபோய்விடுவாள் என்று சொன்னேன். இதில் எது அம்மா சொன்னது, எது சித்தப்பா சொன்னது, எது நானாகச் சேர்த்தது என்று எனக்கே தெரியாது. சொல்லி முடித்ததும் நான் அதை முழுக்க நம்பினேன்.

நம்பினால் மட்டும் போதுமா? சாமி என்றால் படையல் வேண்டாமா? அப்பா கடையிலிருந்து வந்த கருப்பட்டி ஒரு சிப்பம் அடுக்களையில் இருந்தது. தினமும் காலையில் அதில் ஒரு சில்லு உடைத்து, ஒரு வேப்பிலையில் வைத்து, பாட்டிலின் வாயில் குச்சியை ஒட்டி வைப்பேன். முதல் நாள் அப்படியே இருந்தது. மறுநாள் ஓரத்தில் கொஞ்சம் குறைந்திருந்தது. ஆத்தா ஏற்றுக்கொண்டாள் என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒன்றிரண்டு எறும்புகள் வந்தனதான். மற்ற நாளாக இருந்தால் அம்மா எறும்புப் பொடி போட்டிருப்பாள். அம்மை வீட்டில் எறும்பையும் கொல்லக் கூடாதே, நான் அவற்றை ஊதிவிட்டேன்.

அதற்குள் தம்பிக்கு முத்து வாய்க்குள்ளும் போட்டுவிட்டது. இளநீர் கொடுத்தாலும் எரியும், கஞ்சி கொடுத்தாலும் எரியும். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவான். இரண்டு நாள் அம்மா அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து தேக்கரண்டியோடு மன்றாடினாள். மூன்றாம் நாள் மத்தியானம், அவள் கொஞ்சம் கண்ணசந்த நேரத்தில், நான் டம்ளரை எடுத்துக்கொண்டு போனேன். நீ குடித்தால்தான் அது உள்ளே வளரும் என்று சொன்னேன். அவன் ஜன்னலைப் பார்த்தான், டம்ளரைப் பார்த்தான், கண்ணில் தண்ணீர் வழிய வழியக் குடித்தான். பிறகு கேட்டான்.

"அது உள்ளயே செத்துப்போச்சுன்னா?"

"அது செத்தா நீயும் செத்துருவ. அதாம்ல அது சாகவே சாகாது."

அவனைத் தைரியப்படுத்தத்தான் அப்படிச் சொன்னேன்.  தலையைத் திருப்பினால், சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்து வந்த சித்தப்பா ஜன்னலுக்கு வெளியே குழாயடியில் கால் கழுவிக்கொண்டு நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறது. வழக்கமாக என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். அன்று கால் கழுவி முடித்த பிறகும் குழாயை மூடாமல், ஜன்னலில் இருந்த குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் கருப்பட்டிச் சில்லோடு வந்தபோது ஜன்னலில் பாட்டில் இல்லை. ஆத்தாவுக்குக் காற்றோட்டம் வேண்டுமென்று சித்தப்பா எடுத்துப்போய் மொட்டைமாடி அறையில் வைத்துப் பூட்டிவிட்டதாக அம்மா சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நம்பாத மனுஷன் அதைத் தொடலாமா? சாவியும் அவரிடம்தான் இருந்தது. அவரோ பைக்கை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். நானும் தம்பியும் அன்று முழுக்க வெறும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சாயங்காலம் வந்தார். இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் கோடு கோடாகக் கீறல், கன்னத்தில் ஒன்று, சட்டைத் தோளில் ஒரு கிழிசல். உப்பளத்துப் பாதையில் பைக் சறுக்கி உடைமுள்ளுக்குள் விழுந்துவிட்டதாகச் சொன்னார். அம்மா மஞ்சள் இழைத்துப் போட்டாள். எனக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. ஆத்தாவைப் புழு என்றார், அரைஞாண் கட்டினாளா என்று கேலி பேசினார், இடத்தைவிட்டு எடுத்தார். அவள் தன் கை நகத்தால் கீறிவிட்டாள். இதைத் தம்பியின் காதில் சொன்னேன். அவன் சேலைக்குள்ளிருந்து தலையை நீட்டிச் சித்தப்பாவின் கையைப் பார்த்துவிட்டு, பயந்து உள்ளே இழுத்துக்கொண்டான். அம்மை இறங்கிய பிறகு அடுத்த தெரு வரைக்கும் இந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவளும் நான்தான்.

விளக்கு வைக்கும் முன்பே பாட்டில் ஜன்னலுக்குத் திரும்பி வந்துவிட்டது. இப்போது அதற்கு அடியில் ஒரு தட்டு, தட்டு நிறையத் தண்ணீர். கூடு அதே குச்சியில்தான் இருந்தது. ஆனால் பச்சை போய் மண் நிறத்துக்கு மாறியிருந்தது. இடுப்பு நூலும் முன்னைவிடத் தடித்து, வெள்ளையாக, நன்றாகத் தெரிந்தது. பக்கவாட்டில் கடுகளவு ஒரு முடிச்சுக்கூட இருந்தது. பழம் கனிகிற மாதிரி கூடும் கனிந்துவிட்டது, நூலையும் ஆத்தா இறுக்கிக் கட்டியிருக்கிறாள் என்று தம்பிக்கு விளக்கினேன். கருப்பட்டிச் சில்லை எடுத்து வைக்கப் போனபோது சித்தப்பா என் கையைப் பிடித்தார்.

"ஏளா, ஆத்தாவுக்குக் கருப்பட்டி திகட்டிட்டாம். இனி வைக்காத."

"யாரு சொன்னா?"

"அவதான் சொன்னா."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கேலியே இல்லை. வாங்கிய கீறலில் மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு அவர் மேல் இரக்கம்கூட வந்தது. அதற்குப் பிறகு தினமும் காலையில் பல் துலக்குவதற்கும் முன்னால் ஜன்னலுக்கு வந்து நிற்பார், தட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து ஊற்றுவார், கூட்டைக் குனிந்து உற்றுப் பார்ப்பார். புது பக்தர்களுக்குத்தான் பக்தி அதிகம் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிக்கவைத்தேன்.

தம்பியின் முத்துகள் வாடிப் பொருக்குத் தட்டத் தொடங்கின. தலைக்குத் தண்ணீர் ஊற்ற அம்மா நாள் பார்த்தாள். அவன் மாட்டேன் என்றுவிட்டான். அது றெக்கையோடு வெளியே வந்தால்தான் குளிப்பானாம். அடித்து மிரட்டிக் குளிப்பாட்ட முடியாது, ஆத்தா இருக்கிற உடம்பு. ஆக வீட்டில் எல்லோரும் ஒரு குச்சியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். அப்பாகூடக் கடையிலிருந்து வந்ததும் வராததுமாக, வந்துவிட்டதா என்றுதான் கேட்டார்.

வியாழக்கிழமை காலையில் கூட்டின் தோல் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. உள்ளே கறுப்பாக மடித்துவைத்த எதுவோ தெரிந்தது. தம்பி எழுந்து உட்கார்ந்துவிட்டான். அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள். தலைப்பக்கம் மெல்ல ஒரு விரிசல் விட்டது. அதற்குள்ளிருந்து இரண்டு கால்கள் வந்து காற்றில் துழாவின. பிறகு மொத்த உடம்பும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்து, காலிக் கூட்டையே பிடித்துக்கொண்டு தொங்கியது. எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. றெக்கை என்று ஒன்றுமே இல்லை. பிழிந்துபோட்ட துணி மாதிரி இரண்டு பக்கமும் கசங்கலாக எதுவோ ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். தம்பி அழுவதற்கு உதட்டைப் பிதுக்கினான்.

அப்போதுதான் அது ஆரம்பித்தது. அதன் வயிறு மூச்சு வாங்குவது போல விம்மித் தணிய, அந்தக் கசங்கல் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. எங்கள் கண்ணெதிரே ஒவ்வொரு மடிப்பாகப் பிரிந்தது.  அரை மணி நேரத்தில், பாட்டில் வாயளவு இருந்த ஒன்றிலிருந்து என் உள்ளங்கை அளவுக்கு இரண்டு கறுப்புச் சிறகுகள் விரிந்து நின்றன. கீழ்ச் சிறகில் வெள்ளைத் திட்டு, அதைச் சுற்றி ஓரமெல்லாம் சிவப்பு சிவப்பாகப் புள்ளிகள். தம்பியின் முதுகையும் அதன் சிறகையும் நான் மாறி மாறிப் பார்த்தேன். அவன் முத்துகள் அத்தனையும் அங்கே இருந்தன. நான் வாய்க்கு வந்தபடி சொன்னதெல்லாம் அப்படியே பலித்திருந்தது. என்னைக் கண்டு எனக்கே பயமாக இருந்தது.

அதன் வாலிலிருந்து செம்மண் நிறத்தில் ஒரு சொட்டு ஜன்னல் கட்டையில் விழுந்தது. அம்மா அதை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தம்பி கையை நீட்டினான். பூச்சி அவன் விரலில் ஏறி, பொருக்குத் தட்டிய முத்துகள் மேல் நடந்து, மணிக்கட்டில் நின்று சிறகை ஒரு முறை மூடித் திறந்தது. பிறகு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே போய், குழாயடியைத் தாண்டி, உப்பளத்துப் பக்கமாகப் பறந்துபோனது. தம்பி அது போன திசையைப் பார்த்துக்கொண்டே, தண்ணி ஊத்துங்க என்றான்.

திரும்பிப் பார்த்தேன். ஆபீஸுக்கு நேரமாகியும் போகாமல் சித்தப்பா கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். வந்துட்டு, வந்துட்டு என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. ஆத்தாவின் மகிமையே மகிமை என்று நினைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் நடந்து முப்பது வருஷம் ஆகப் போகிறது. தம்பிக்குப் புருவத்துக்கு மேல் ஒரே ஒரு தழும்பு மிச்சம். கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில். சித்தப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்று மாப்பிள்ளையூரணியில் வீடு கட்டி இருக்கிறார். இப்போதும் கோயில் வாசலில் செருப்புக்குத்தான் காவல். நான் இதே ஊரில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன், பால்கனியில் தொட்டியில் கறிவேப்பிலை. போன மாதம் அதில் என் மகள் ஒரு பச்சைப் புழுவைக் கண்டுபிடித்தாள். அவளுக்கும் ஒன்பது வயது.

நான் என் கதையைச் சொன்னேன். அவள் அவ்வளவாக நம்பவில்லை, ஆனால் புழுவை வளர்த்தாள். அது குச்சியில் நூல் போட்டுக் கட்டிக்கொண்டதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நானும் பக்கத்தில் பார்த்தேன். சிலந்தி நூலைவிட மெல்லிசாக, இருப்பதே தெரியாமல் இருந்தது. இரண்டு முனையும் குச்சியில் ஒட்டியிருந்தன. முடிச்சு இல்லை. முடிச்சு போட அதற்குக் கை ஏது? அப்போதே எனக்குள் என்னவோ உறுத்தியது, ஆனால் அடுப்பில் வேலை இருந்ததால் விட்டுவிட்டேன்.

ஐந்தாறு நாள் கழித்து, மகள் பள்ளிக்கூடம் போன பிறகு அந்தப் பக்கம் பெருக்கப் போனேன். முந்தின நாள் அவள் கூட்டின் பக்கத்தில் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றிருக்கிறாள், துணுக்குகள் கிடந்தன. சுவரிலிருந்து சாரிசாரியாக எறும்பு. வரிசை கடலைமிட்டாயோடு நிற்கவில்லை, குச்சியில் ஏறிப் போயிருந்தது. கூட்டைத் தொட்டேன். எடையே இல்லை. பின்பக்கம் ஓட்டை போட்டு உள்ளே இருந்ததையெல்லாம் காலி செய்திருந்தன.

கையில் வாரியலோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பாட்டில் வாயில் நான் வைத்த கருப்பட்டி. கொல்லாமல் ஊதிவிட்ட எறும்பு. கூட்டை ஒரு பகல் முழுக்கப் பூட்டிவைத்த சித்தப்பா. பச்சையாகப் போனது ஒன்று, மண் நிறமாகத் திரும்பி வந்தது வேறொரு கூடு. தட்டில் தண்ணீர். அந்த வெள்ளை நூல், அப்பா கடையில் பொட்டலம் கட்டுகிற நூலில் பிரித்தெடுத்த ஓர் இழை. தம்பியைக் காப்பாற்ற நான் வைத்த படையல்தான் அந்தப் புழுவைத் தின்னக் கொடுத்திருக்கிறது. அது செத்தால் நீயும் செத்துவிடுவாய் என்று சொன்னவளும் நான். இரண்டையும் தெரிந்துகொண்ட ஒரே ஆள் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கேலிப் பேச்சையும் விட்டுவிட்டு, நாலு நாள் தட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். நான் அவருக்கு இரக்கப்பட்டுக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் எனக்கு முகம் சுட்டது.

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அன்றைக்கு நூல் கட்டினது நீங்கள்தானே என்று கேட்டேன். எந்த நூல் என்றார். கூடு என்றேன், எந்தக் கூடு என்றார். சரி, கையில் இருந்த கீறலாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அது ஆத்தா கீறுனதுல்லா. நீதானளா தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்ச."

  பிறகு, பிள்ளை பார்த்துவிட்டாளா என்று கேட்டார். இல்லை, நாலு மணிக்குத்தான் வருவாள் என்றேன்.

"அந்தப் புழு எலுமிச்சையிலயும் வரும். நம்ம பக்கத்துப் புதுக்கோட்டைல ரோட்டடித் தோட்டத்துல அந்த எலுமிச்ச இன்னும் நிக்கி. இலையில தேடாத, உள்ளுக்க கையவிட்டுத் தூர்ப் பக்கம் பாரு, அங்கனதான் கூடு மண்ணு கலர்ல ஒட்டிக்கிட்டு இருக்கும்."

போனை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"முள்ளு பொல்லாதது, ஏளா. முழுக்கைச் சட்டை போட்டுட்டுப் போ."